கறுப்புச் சால்வைக்குக் காத்திருக்கும் விளக்கு

மேடையில் வீற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, சாலைத் துறை ஆணையர் அவர்களே, போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களே, வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சீருடையோடு வந்திருக்கும் பேருந்து ஓட்டுநர் நண்பர்களே, இருக்கை கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அன்புக்குரிய அக்கா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம்.

இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நின்று அவரைப் பற்றி "இருந்தார்" என்று பேசுவேன் என நான் நினைத்ததே இல்லை. அவருடைய பணி ஓய்வு விழாவில் பேசுவதற்காகக் கொஞ்சம் கேலி சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் மனிதர் அவசரப்பட்டுவிட்டார். வாழ்நாள் முழுக்க யாரையும் அவசரப்படாதே என்று சொன்னவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்மை முந்திக்கொண்டார்! சேர்த்து வைத்த கேலி வீணாகக் கூடாது என்பதால் சிலவற்றை இன்றே சொல்லிவிடுகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அக்கா முறைத்தால் நிறுத்திக்கொள்கிறேன்.

நம் போக்குவரத்து விளக்குப் பிரிவின் தலைமைப் பொறியாளர் அவர். அரசு ஆவணங்களில் அவருக்கு நீளமான பதவிப் பெயர் உண்டு. ஆனால் இந்த நகரத்தில் அவரைத் தேடி வந்த எவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "நிக்கட்டும் சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். ஏன் அந்தப் பெயர்? பாதசாரிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் வண்டிகள் நிற்க வேண்டியிருக்கும் என்று யார் புகார் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. "நிக்கட்டும். என்ன போச்சு?" ஆணையர் கேட்டாலும் அதே பதில். வாடகை வண்டிச் சங்கம் ஊர்வலமாக வந்து கேட்டாலும் அதே பதில். சங்கத்துக்காரர்களுக்குக் கூடவே தேநீரும் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவரோடு நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். அந்த "நிக்கட்டும்" எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அதை இன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சாரின் மனைவியான நம் அக்கா விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் நடந்தால் சார் பின்னால் ஓடுவார். இது உவமை இல்லை, உண்மையாகவே ஓடுவார். இருவரும் கடைக்குப் போனால் அக்கா பையோடு திரும்பி வரும்போது சார் அப்போதுதான் கடைக்குள் நுழைந்துகொண்டிருப்பார். அப்படிப்பட்ட அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. சிகிச்சையில் பேச்சு திரும்பியது, கை திரும்பியது. இடது கால் மட்டும் பழைய வேகத்துக்கு வரவில்லை.

ஒருநாள் மாலை இருவரும் வீட்டு வாசலில் இருக்கும் சாலையைக் கடந்தார்கள். இதோ, இந்த மண்டபத்துக்கு எதிரே இருக்கும் அதே சாலைதான். பாதி கடப்பதற்குள் விளக்கு மாறிவிட்டது. வண்டிகள் கிளம்பின. ஒலிப்பான் சத்தம் நான்கு பக்கமும் கேட்டது. சார் ஒரு கையால் அக்காவைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கியபடி நடுச்சாலையில் நின்றார். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "நடக்க முடியலன்னா வீட்லயே இருக்க வேண்டியதுதானே!" என்று கத்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அந்த ஆளு சொன்னதுல என்ன தப்பு? இனிமே நான் வெளிய வரல" என்றார். சொன்னபடியே வரவும் இல்லை. மாணவிகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட மனுஷி, வீட்டுக்குள்ளே சமையலறைக்கும் ஜன்னலுக்கும் இடையில் முடங்கிப்போனார்.

மறுநாள் சார் அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார். "ஏம்மா, எங்க வீட்டு வாசல் விளக்குக்கு நேரக் கணக்கு போட்டது யாரு?"

நான் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நீங்கதான் சார்" என்றேன்.

அவர் வரைபடத்தை வாங்கி, அதிலிருந்த தேதியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வேலைக்குச் சேர்ந்த புதுசுல போட்டிருக்கேன். அப்ப நான் வேகமா நடப்பேன். அதை வச்சே ஊருக்கெல்லாம் கணக்கு போட்டுட்டேன் போல."

நண்பர்களே! எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள்? ஆரோக்கியமான ஓர் இளைஞனின் நடையை ஊர் முழுவதற்கும் அளவுகோலாக வைத்துவிட்டோம் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? அவருக்கு வந்தது. அதோடு நிற்காமல், அதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பிடிவாதமும் வந்தது.

வழி அவருக்கு மருந்துக் கடையில் கிடைத்தது. அக்காவுக்கு மாத்திரை வாங்கப் போயிருக்கிறார். அவருக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார். ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அது. பெரியவர் வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார், சட்டைப் பையில் மருந்துச் சீட்டைத் தேடினார், மறுபடி நடந்தார். அவ்வளவு நேரமும் கதவு திறந்தே இருந்தது. நம் சார் என்ன செய்தார் தெரியுமா? மாத்திரையை மறந்துவிட்டார். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, வேகமாகவும் மெதுவாகவும் நடந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் காவலாளி பொறுமை இழந்து, "சார், உள்ள வர்றீங்களா, வெளிய போறீங்களா? ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க!" என்று கேட்டுவிட்டார்.

அங்கிருந்து நேரே அலுவலகம் வந்தார். "ஏம்மா, ஒரு கடைக் கதவுக்கு இருக்கிற பொறுமை நம்ம ரோட்டுக்கு இருக்கக் கூடாதா?" என்றார்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கதவின் தலைமேல் கறுப்பாக ஒரு கண் இருக்குமே, அந்தச் சென்சார் ஒன்றும் அதிசயப் பொருள் இல்லை. எந்தச் சந்தையிலும் கிடைக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அது கீழே வீசுகிறது. அந்த வெளிச்சம் ஆள் மேல் பட்டுத் திரும்பி வந்தால், யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறது. அதில் கொஞ்சம் வலுவானதை வாங்கி விளக்குக் கம்பத்தில் பொருத்தினோம். கடைசி ஆள் நடைபாதை ஏறும்வரை பாதசாரிகளுக்கான பச்சை அணையக் கூடாது. யோசனை இவ்வளவுதான். வண்டிக்காரர்களைப் பற்றிக் கேட்டோம். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார்.

முதல் விளக்கைத் தன் வீட்டு வாசலிலேயே போட்டார். "சொந்த வாசலுக்குத்தான் முதல் சலுகையா?" என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். நானும்தான் கிண்டல் செய்தேன். அவருக்குக் காதிலேயே விழவில்லை.

சோதனை தொடங்கியது. பிரிவிலிருந்த எல்லோரும் நடந்தோம். வேகமாக நடந்தோம், நொண்டி நடந்தோம், நடுவில் நின்று கதை பேசினோம். விளக்கு அசையாமல் காத்திருந்தது. நடைபாதை ஏறிய பிறகே மாறியது. ஒரு தடவைகூடத் தவறவில்லை! நாங்கள் கைதட்டினோம். இனிப்பு வாங்கி வர ஒருவர் ஓடினார். சார் வீட்டுக்கு ஓடினார்.

அக்காவை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். குளிர்காற்றுக்காகக் கறுப்புக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அக்கா வாசல்படி இறங்கி வந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வருகிறார். சார் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நிஜமாவே காத்திருக்குமா?" என்று அக்கா வாசலிலிருந்து கேட்டார்.

"காத்திருக்கும். நீ பாட்டுக்கு வா" என்று அவர் இந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்.

அக்கா நடந்தார். பாதி தூரம் வந்தார். விளக்கு மாறிவிட்டது.

ஒரு பேருந்து கிளம்பி, நல்ல வேளையாக உடனே நின்றது. அந்த ஓட்டுநர் இதோ இந்த மண்டபத்தில் இருக்கிறார். பிரேக்கை மிதித்த அவருடைய காலுக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். சார் நடுச்சாலைக்கு ஓடினார். அக்கா திட்டவில்லை, அழவில்லை. அவர் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"உங்க விளக்கு என்னைப் பாக்கல."

அந்த ஒரு சொல் அவரை உடைத்துப் போட்டது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. இனிப்புப் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

இதில் இன்னொரு சிக்கல். விளக்கின் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. தலைவர் அவர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். சார் உங்கள் அறைக்கு வந்து, திறக்க முடியாது என்று நின்றார். "ஊரெல்லாம் சொல்லியாச்சு, ஒரு தடவை தப்பா எரிஞ்சதுக்கு இவ்வளவா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "அது எங்களை மட்டும்தான் பாக்குது சார். ஊரைப் பாக்கல" என்றார் அவர். நீங்கள் கோபப்பட்டீர்கள். ஆனாலும் விழாவைத் தள்ளி வைத்தீர்கள். அந்தப் பெருமை உங்களுக்கு எப்போதும் உண்டு. தலைவர் சிரிக்கிறார், பழைய கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்ன கோளாறு என்று தேடினோம். கம்பியை மாற்றினோம். கண்ணை மாற்றினோம். மறுபடி நடந்தோம். எங்களைப் பார்க்கிறது! ஒவ்வொரு தடவையும் பார்க்கிறது! பிறகு ஏன் அக்காவைப் பார்க்கவில்லை? இளைஞர்கள் சிலர், அக்கா வெள்ளைக்கோட்டை விட்டு விலகி நடந்திருப்பார் என்றுகூடச் சொன்னார்கள். சார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அவ மேல பழி போடாதீங்க. அவ எப்படி வந்தாளோ, அப்படியே நான் வர்றேன்" என்று வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது நாங்கள் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அக்காவின் கறுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அக்காவைப் போலவே இடது காலை இழுத்து வைத்து வந்துகொண்டிருந்தார் நம் தலைமைப் பொறியாளர். "செருப்பையும் போட்டுப் பாத்தேன். பத்தல" என்றார். சாலையை மறித்துவிட்டு அவரை நடக்க விட்டோம். பாதி தூரம் போனார். விளக்கு மாறியது.

எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் நடுச்சாலையில் நின்று, தன் உடம்பைக் குனிந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். எங்கள் எல்லோர் மேலும் என்ன இருந்தது? சாலையில் வேலை செய்பவர்கள் விதிப்படி போட வேண்டிய ஜாக்கெட்! வெளிச்சம் பட்டால் பளீரென்று திருப்பியடிக்கும் பட்டைகள் தைத்த ஜாக்கெட்! அந்தக் கண் வீசும் வெளிச்சத்தை அந்தப் பட்டைகள் அள்ளித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. கறுப்புக் கம்பளியோ அதை அப்படியே விழுங்கிவிட்டது. நாங்கள் சாலையில் இறங்கினால் கழற்றவே மாட்டோம். போட்டிருக்கிறோம் என்ற நினைப்புகூட இருக்காது. அப்படிப் பழகிப் போனவர்கள்தான் இந்தத் தவற்றைச் செய்ய முடியும்.

"எல்லாரும் ஜாக்கெட்டைக் கழட்டுங்க!" என்று நடுச்சாலையிலிருந்து கத்தினார். சால்வையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவு பழைய துணிக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவரவர் வீட்டிலிருந்து கறுத்த துணியாகக் கொண்டு வரச் சொன்னார். மழைக்கோட்டு வந்தது, கிழிந்த குடை வந்தது, கணக்குப் பிரிவு அம்மாவின் கணவர் தேடிக்கொண்டிருந்த கோட்டு வந்தது. ஒரு கண்ணை நம்பக் கூடாது என்று இன்னொன்றும் சேர்த்தார். காரைப் பின்னால் எடுக்கும்போது எதிரே ஏதாவது இருந்தால் பீப் பீப் என்று எச்சரிக்கிறதே, அந்த வேலையையே தூரத்திலிருந்து செய்யும் ஒன்று. அதற்குத் துணியின் நிறம் ஒரு பொருட்டில்லை. இரண்டில் ஏதாவது ஒன்றுக்குச் சந்தேகம் வந்தாலும் விளக்கு மாறக் கூடாது. அந்தக் கட்டளையை எழுதும்போது, சந்தேகத்திலேயே வண்டிகள் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். நீங்களே சொல்லுங்கள், என்ன பதில் சொல்லியிருப்பார்?

அரங்கம் முழுக்கச் சொல்கிறீர்கள். ஆமாம், அதேதான்.

இன்றுவரை எங்கள் பிரிவில் எந்தப் புதிய விளக்கும் அந்தத் துணிமூட்டையைத் தாண்டாமல் சாலைக்கு வருவதில்லை. சாலையை மறித்து, ஜாக்கெட்டைக் கழற்றி, கறுத்த துணியில் மெதுவாக நடந்து பார்த்த பிறகே கையெழுத்து. இதுதான் அவர் நமக்கு விட்டுச் சென்றிருக்கும் பாடம், பழக்கம், சொத்து எல்லாம்.

அக்கா என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கலாம். விளக்கைச் சரிசெய்து திறந்த பிறகும் சார் அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. கூப்பிட அவருக்குத் தைரியமில்லை. அக்கா ஜன்னலிலிருந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் கடப்பதைப் பார்த்தார், சக்கர நாற்காலியில் ஒருவர் கடப்பதைப் பார்த்தார். ஒருநாள் சார் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் விசில் சத்தம். திரும்பினால், சால்வையோடு அக்கா! "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கிளம்புங்க" என்றாராம். அன்றிலிருந்து மாலைதோறும் இருவரும் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்து மர நிழலில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அந்த வழியாகப் போகும் யாவரும் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. அதை மருத்துவமனையில் என்னிடம் சொன்னார். "ஏம்மா, அவ இன்னிக்கு வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரோட்டைத் தாண்டுறா. விளக்கை நம்பி வரல, என்னை நம்பி வர்றா."

"அதுல என்ன சார் குறை? கொடுத்து வச்சவர் நீங்க" என்றேன்.

"நான் இல்லன்னா? மறுபடியும் அந்த ஜன்னல்தானா அவளுக்கு?"

நான் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். அதுதான் நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. அந்தக் கேள்வியோடுதான் அவர் போனார். அவர் போன நாளிலிருந்து அக்கா வாசல்படி இறங்கவில்லை. நான் போகும்போதெல்லாம் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கூட்டத்துக்கு உங்களையெல்லாம் அழைத்தபோது கறுத்த உடையில் வரச் சொல்லியிருந்தேன். துக்கத்துக்காக என்று நினைத்திருப்பீர்கள். என் பிரிவுக்காரர்களுக்கு மட்டும் விஷயம் புரிந்திருக்கும். ஜாக்கெட்டை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து வரிசையாகக் கடந்து வந்தார்கள். நான் படியில் நின்று எண்ணாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு கறுப்பை அந்த விளக்கு ஒரே நாளில் பார்த்திருக்காது. ஒருவரையும் அது தவறவிடவில்லை. அவருக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அதுதான்.

அக்காவை அழைத்துவர மட்டும் கார் ஏற்பாடு செய்திருந்தேன். தொலைபேசியில் சொன்னேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் வர்றதுக்கு எதுக்கு காரு?" என்றார். "சரிக்கா, நான் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். "வேண்டாம். நீ அந்தப் பக்கமே நில்லு" என்றார்.

நின்றேன். அக்கா அதே கறுப்புச் சால்வையில் வந்தார். பச்சை வந்ததும் இறங்கினார். மெல்ல மெல்ல வந்தார். அன்று விளக்கு மாறிய அதே இடத்தில், நட்டநடுச் சாலையில், நின்றுவிட்டார். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். நகரவே இல்லை. வண்டிகள் எல்லாம் நின்றன. பின்னால் யாரோ ஒலிப்பானை அழுத்தினார்கள். முன்னால் நின்ற பேருந்திலிருந்து நம் ஓட்டுநர் நண்பர் தலையை நீட்டி, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நிக்கட்டும்! என்ன போச்சு?"

அக்கா சிரித்தார். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மீதி தூரத்தையும் நடந்து, படியேறி என்னிடம் வந்தார். என் காதோரம் சொன்னார்.

"இன்னிக்கு என்னைப் பாத்துச்சு."

சார்! எங்கள் அன்புக்குரிய நிக்கட்டும் சார்! உங்கள் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று அக்காவே பதில் சொல்லிவிட்டார். இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அவையோரே! இந்த நகரத்தில் இன்னும் எத்தனையோ விளக்குகள் அந்தப் பழைய இளைஞனின் நடைக்கே எரிந்துகொண்டிருக்கின்றன. மருத்துவமனை வாசலில் கட்டுப் போட்ட காலோடு ஓடுகிறார்கள். சந்தைச் சாலையில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஓடுகிறாள். அந்த விளக்குகள் ஒவ்வொன்றையும் காத்திருக்கக் கற்றுக்கொடுப்போம் என்று, இதோ என் பிரிவின் சார்பில் உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன். தலைவர் அவர்களே, நாளைக்கே உங்கள் அறைக்கு வருவேன். நேரமில்லை என்று சொல்லி அனுப்பினால் வாசலிலேயே நிற்பேன். நிற்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து நின்று மௌனமாக இருப்போம். இன்று அதை இங்கே செய்ய வேண்டாம். கூட்டம் முடிந்ததும் அக்கா வீடு திரும்புவார். எல்லோரும் வாசலுக்கு வாருங்கள். யாரும் கை கொடுக்க ஓடாதீர்கள், கூடவே இறங்காதீர்கள். அக்கா எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறும்வரை, நாம் இந்தப் பக்கம் பேசாமல் நிற்போம்.